சகலையின் நோட்டில் என் கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். வயிற்றெரிச்சலை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

இன்று இரண்டாம் மாத எடை பார்க்கும் நாள். ஜனவரியில் ஒரே வாரத்தில், ஒரே டாக்டரிடம், நானும் என் சகலையும் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டோம். போய்ப் படுக்கும்போது நான் 141 கிலோ, அவன் 139. இன்று நான் 121. அவன் 114. மிஷின் சரியாக இருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்டேன். பதினெட்டு வருடமாக எடைமேடையில் உட்கார்ந்து லாரிக்கு எடை போடுகிறவன் நான், கேட்க எனக்கு உரிமை உண்டு. மிஷின் சரியாகத்தான் இருந்தது.

மாமியாரும் கூட வந்திருந்தார். சின்ன மாப்பிள்ளைக்குக் கழுத்து தெரிகிறது என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். எனக்கும்தான் கழுத்து தெரிகிறது. பார்க்க ஆள் வேண்டுமே.

மார்ச் 6, வியாழன்

டயட் மேடம் ஆளுக்கு ஒரு நீல நோட்டு கொடுத்திருக்கிறார். தினம் அறுபது கிராம் புரதம் உள்ளே போயாக வேண்டும். சின்ன வயிறு, அதில் சோற்றுக்கும் ரொட்டிக்கும் இடம் கிடையாது, முதலில் முட்டை, கோழி, மீன், தயிர். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. ஒரு வாய்க்கு இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். என்ன சாப்பிட்டோம், எத்தனை கிராம் என்று நோட்டில் எழுதி, கூட இருந்து பார்த்தவர் பக்கத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும். தனியாக எழுதச் சொன்னால் எல்லோரும் புளுகுகிறார்களாம். அதனால் ஜோடி முறை.

எனக்கு ஜோடி சகலை. அவனுக்கு நான். அவனுடைய டிரைவிங் ஸ்கூல் என் எடைமேடைக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது. பதினொரு மணிக்குப் புரோட்டீன் பவுடர், ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலு மணிக்கு மறுபடி பவுடர் — மூன்று வேளையும் என் கேபினுக்கு வந்துவிடுகிறான். இரண்டு டப்பா, பவுடர் கலக்க இரண்டு குலுக்கி, இரண்டு நோட்டு. லாரிக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, குழந்தைகள் பள்ளிக்கூடம் போல இருக்கிறதே என்று கேலி செய்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

அதே முட்டை. அதே கோழி. அதே பவுடர், ஒரே கடையில் வாங்கியது. நான் வாரத்துக்கு ஒண்ணரைக் கிலோ இறங்குகிறேன், அவன் மூன்று. என்னதான் ரகசியம்?

கேட்டால் சிரிக்கிறான். மனைவி வேறு, அவரைப் பார்த்தாவது கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறாள். அவள் தங்கை புருஷனைப் பார்த்து நான் கற்றுக்கொள்வதற்கு இந்த இருபது வருடத்தில் எதுவுமே இருந்ததில்லை. கார் ஓட்டக்கூட நான் அவனிடம் கற்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அவன் 110.8. என்னுடையதை எழுதப்போவதில்லை.

மார்ச் 20, வியாழன்

ரகசியம் தெரிந்துவிட்டது.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவன் வழக்கம்போல் கேபினுக்குப் பின்னால் கை கழுவப் போனான். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து மணல் லாரி ஒன்று மேடை ஏறியது. டிரைவர் பழைய ஆள், பின்சக்கரத்தை ஒரு சாண் மேடைக்கு வெளியே நிறுத்தி எடையைக் குறைப்பதில் கில்லாடி. என்னிடம் நடக்குமா? இறங்கிப் போய்ப் பின்பக்கம் பார்த்தேன். சக்கரம் வெளியேதான் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கேபினின் பின்சுவரும் தெரிகிறது. சகலை சுவரில் ஒரு கையை ஊன்றிக் குனிந்திருந்தான். இரண்டு முட்டையும் கோழியும் வெளியே வந்துகொண்டிருந்தன. சத்தம் கேட்காமல் இருக்கத்தான் குழாய்.

லாரியை முன்னால் எடுக்கச் சொல்லி, எடை போட்டு, சீட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். முட்டை இரண்டு, கோழி நாற்பது கிராம், புரதம் இருபத்திரண்டு என்று எழுதி நோட்டை என் பக்கம் தள்ளினான்.

போட்டேன் கையெழுத்து.

ஏன் போட்டேன்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆக, அவன் என்னை ஜெயிக்கவில்லை, ஏமாற்றித்தான் இளைக்கிறான். ஆபரேஷனுக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் மென்று சாப்பிட்டதே இல்லை.

மார்ச் 22, சனி

சொல்ல வேண்டியது என் வேலையா? நாற்பத்து மூன்று வயது ஆள். ஊருக்கே பிரேக் போடக் கற்றுக் கொடுக்கிறவன். அவனுக்குத் தெரியாதா.

ஏப்ரல் 3, வியாழன்

நானும் செய்து பார்த்தேன். வாந்தி எடுக்க எனக்கு வரவில்லை, அதனால் சாப்பிடாமலே எழுதினேன். இரண்டு நாள் பவுடரும் முட்டையும் இல்லை, தண்ணீரும் ஜூஸும்தான். அவன் பார்க்காத மாதிரி டப்பாவைத் திறந்து மூடினேன். அவனும் கண்டுகொள்ளவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டான்.

ஒரு கிலோ இருநூறு இறங்கியது. இரண்டாம் நாள் சாயந்திரம் சீட்டில் வண்டி எண்ணை எழுதும்போது எழுத்து ஆடியது. எழுந்தால் கால் துணியால் செய்தது போல இருந்தது. வீட்டுக்குப் போய் நின்றுகொண்டே மூன்று முட்டையின் வெள்ளையைத் தின்றேன். மனைவி பார்த்துவிட்டு, மெல்லுங்க, மெல்லுங்க என்றாள்.

அவன் இப்படி இரண்டு மாதமாக இருக்கிறான். எப்படி முடிகிறது? — இதையும் பொறாமையோடுதான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மாமியாருக்கு இன்று பிறந்தநாள். எல்லோரும் போயிருந்தோம். போட்டோ எடுத்தார்கள். அவனை மாமியாருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். என்னைப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். பின்னால் நின்றால் பாதி உடம்பு மறைந்துவிடும் என்ற பழைய கணக்கு. முப்பது கிலோ குறைந்த பிறகும் மறைக்க வேண்டிய ஆள் நான்தான். அவன் சட்டையை உள்ளே செருகியிருந்தான், பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை. அந்த மூன்றையும் வரிசையாக எல்லோருக்கும் காட்டினான். கண்ணுபடப் போகிறது என்றார் மாமியார். ஏற்கெனவே பட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கொழுந்தியாள் மட்டும் அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாள் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 29

நான் 109. அவன் 97. நூறுக்குக் கீழே போய்விட்டான். டயட் மேடம் அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்து, இதுதான் மாதிரி நோட்டு, எல்லோரும் இப்படி இருக்கணும் என்றாராம். மாதிரி நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து.

மே 10, சனி

அவனுக்கு உச்சியில் முடி கொட்டிவிட்டது. வெளிச்சத்தில் உட்கார்ந்தால் தலை பளபளக்கிறது. எனக்கும் கொட்டுகிறது, இவ்வளவு இல்லை. மாமியார் இதைப் பார்த்துச் சொல்லலாமே. சொல்ல மாட்டார்.

இன்னொன்றும் பார்த்தேன். என் கேபினுக்கு நாலே படி. கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறான். நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் முட்டியில் ஊன்றுகிறான். கழற்றிய சாக்ஸின் தடம் கணுக்காலில் ஒரு பள்ளமாக நிற்கிறது, அரை மணி கழித்தும் போகவில்லை. முகம் மட்டும் உப்பலாகப் பளிச்சென்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் கலர் வந்துவிட்டது என்கிறார்கள்.

மே 22, வியாழன்

இன்று கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். குழாய்ச் சத்தம் நின்று அவன் வந்து உட்கார்ந்ததும், சகல, என்ன நடக்குது என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அதற்குள் அவன் என் தோளில் தட்டி, "நீங்க மெதுவாவே இளைங்க சகல. உங்களுக்கு என்ன அவசரம், யாரு துரத்துறா?" என்றான்.

வந்த கேள்வியை முழுங்கிவிட்டேன். இருபத்தைந்து தடவை மெல்லாமலே. நோட்டை இழுத்து, என்ன எழுதியிருக்கிறான் என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்தைக் கிறுக்கினேன்.

ஜூன் 5, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலை பத்தேகாலுக்கு எதிர்ச்சாரியில் ஒரு சத்தம். டிரைவிங் ஸ்கூல் கார் சுவரில் முட்டி நின்றது. கற்றுக்கொள்ள வந்த டீச்சரம்மா பயத்தில் பிரேக் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். அது தினம் நடப்பதுதான். அதற்குத்தான் சொல்லிக் கொடுக்கிறவர் பக்கத்தில் இன்னொரு பிரேக் இருக்கிறது. அவன் அதில் காலை வைத்திருக்கிறான். அமுக்க வரவில்லை. நல்ல வேளை, வேகம் இல்லை, டீச்சரம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தானாக இறங்கி வந்து, "சார் இறங்க மாட்டேங்குறாரு" என்று அழுதார்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். முகம் வெளிறி, வேர்த்து, என்னைப் பார்த்தான். "சகல, மிதிக்கிறேன், காலு போகல" என்றான். தூக்கினேன். எடை போட்டே பிழைக்கிற கைக்குத் தெரியும் — ஒன்றுமே இல்லை அவனிடம். இவ்வளவு நாள் இந்த எடையைப் பார்த்துத்தான் நான் வெந்துகொண்டிருந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

ஆஸ்பத்திரி. ரத்தத்தில் புரதம் அடிமட்டத்தில் இருக்கிறதாம். உடம்பு தன் சதையையே தின்றுகொண்டிருக்கிறது என்றார் டாக்டர். டயட் மேடம் நீல நோட்டோடு வந்தார். அறுபது, அறுபத்திரண்டு, அறுபத்தைந்து. ஒருநாள் தவறவில்லை.

"இவ்வளவு சாப்பிட்டும் ரத்தத்துல இல்லன்னா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். சிறுநீரகமா, கல்லீரலா, வேற ஏதாவதான்னு பாக்கணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க பாத்துத்தானே சார் போட்டீங்க?" என்று கேட்டார்.

பாத்துத்தான் மேடம் என்றேன்.

அவனும் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு, எப்பவாவது ஒரு தடவை வாந்தி வரும், அவ்வளவுதான் என்றான். இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொன்னோம், பேசி வைத்துக்கொள்ளாமலே.

ஜூன் 7, சனி

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எடுக்க அவனிடம் என்ன இருக்கிறது? நாளைக்கு இன்னொரு பெரிய ஸ்கேனாம், உள்ளே கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. கட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் கொழுந்தியாள் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். என் மனைவி என்னைப் பார்த்து, ஏதாவது சொல்லுங்களேன் என்றாள். ஆறுதல் சொல்லச் சொல்கிறாள்.

இல்லாத நோயை மூன்று டாக்டர்கள் தேடுகிறார்கள். என் கையெழுத்தை நம்பித் தேடுகிறார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து மணி பார்த்து, டப்பாவைத் திறந்து, என் முட்டையைச் சாப்பிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

டயட் மேடம் அறையில், நின்றுகொண்டே. நோட்டில் இருப்பது எல்லாம் பொய், சாப்பிட்டது எல்லாம் வெளியே வந்துவிடும், நான் பார்த்தேன் என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். மார்ச்சிலிருந்து என்றேன். பேனாவை மூடி வைத்தார். ஏன் சார் அப்பவே சொல்லல என்றார். தெரியல மேடம் என்றேன்.

தெரியாமல் என்ன. அவன் என்னைவிட வேகமாக இளைத்தான், அதனால் சொல்லவில்லை. முடி கொட்டட்டும் என்று சொல்லவில்லை. என்றைக்காவது வழுக்கி விழுவான், அன்றைக்கு மாமியார் என் கழுத்தைப் பார்ப்பார் என்று சொல்லவில்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

பெரிய ஸ்கேனை நிறுத்திவிட்டு, வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தைத்த இடத்துக்குக் கீழே வழி சுருங்கிவிட்டதாம், பேனா ரீஃபில் போகிற அளவுதான் இருக்கிறதாம். விழுங்கியது இறங்க வழியே இல்லை. பலூன் வைத்து விரித்துவிடலாம், ஒன்றிரண்டு தடவையில் சரியாகும். மார்ச்சிலேயே வந்திருந்தால் காலையில் வந்து சாயந்திரம் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். இதை அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

ஜூன் 9, திங்கள்

மனைவியிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். கடைசிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, "என் தங்கச்சி ரெண்டு ராத்திரியா தூங்கல" என்றாள். அதோடு சரி.

ஜூன் 15, ஞாயிறு

அவனைப் பார்க்கப் போனேன். பலூன் வைத்து ஐந்து நாள் ஆகிறது. கரண்டியால் புரோட்டீன் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். கொழுந்தியாள் என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டாள். முந்தாநாள் அவள் அக்காவிடம் சொன்னதாக மாமியார் சொன்னார்: மாமாவுக்கு எதைத் தின்னாலும் இறங்குது, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அவன் தினம் வீட்டில் பொருமுவானாம். வெளியே சொன்னால் மறுபடி வயிற்றைக் கிழிப்பார்கள் என்று பயமாம். அவளிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான்.

நான் முட்டை தின்பதைப் பார்த்து அவனுக்கு எரிந்திருக்கிறது. சிரிப்புக்கூட வரவில்லை எனக்கு.

பக்கத்தில் உட்கார்ந்து, "மார்ச் மாசமே பாத்துட்டேன் சகல" என்றேன். கரண்டியை வைத்தான்.

"தெரியும்" என்றான். "லாரி பக்கத்துல நின்னு பாத்தீங்க. நானும் உங்களைப் பாத்தேன்."

அவனே மெதுவாகச் சொன்னான். "பத்து கிலோ கூட இருந்தாக்கூட லாரியத் திருப்பி அனுப்புற ஆளு நீங்க. என் நோட்ட ஒருநாளாவது திருப்பிக் குடுப்பீங்கன்னு பாத்தேன். நானா சொல்ல முடியல. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் அரை மணி உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஜூன் 26

மனைவி என்னோடு பேசிப் பதினேழு நாள். காலையில் டப்பாவில் முட்டையை மட்டும் மறக்காமல் வைத்துவிடுகிறாள்.

ஜூலை 19, சனி

அவன் வேலைக்கு வந்துவிட்டான். சாலையில் பார்த்தேன், கையைத் தூக்கினேன், தலையாட்டினான். கேபினுக்கு வரவில்லை. இப்போது அவனுக்கு ஜோடி மாமியாராம். மூன்று வேளையும் டிரைவிங் ஸ்கூலுக்கே போய் எதிரில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொள்கிறாராம்.

எனக்கு ஜோடி இல்லை. நோட்டில் கையெழுத்துக் கட்டம் காலியாக இருக்கிறது.

மாமியார் எனக்கென்று ஒரு வேளையாவது வந்து உட்கார்ந்திருக்கிறாரா? — பார், இன்னும் போகவில்லை. எதைத்தான் வெட்டி எடுத்தார்களோ.

செப்டம்பர் 2, செவ்வாய்

மதியம் கேபின் கதவு திறந்தது. சகலை. டப்பாவையும் நோட்டையும் மேஜையில் வைத்தான்.

விஷயம் இதுதான். மாமியார் பாசத்தில் அரை முட்டையை ஒரு முட்டை என்று எழுதி, பாவம் பிள்ளை கஷ்டப்படுகிறது என்று மேலும் நாலு கிராம் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறார். டயட் மேடம் கண்டுபிடித்துவிட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் யாராவது வேண்டும் என்றாராம். "எனக்குத் தெரிஞ்சு ஒரே ஆளுதான் இருக்காரு, ஆனா அவரு லாரிக்கு மட்டுந்தான் அப்படின்னு சொன்னேன்" என்றான். முகத்தில் சிரிப்பு இல்லை.

ஒரு முட்டை சாப்பிட்டான். முப்பது நிமிடம் ஆயிற்று. கை கழுவ எழுந்தான். நானும் கூடவே எழுந்து போய்க் குழாயடியில் நின்றேன். வெறுமனே கை கழுவிவிட்டு வந்தான்.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் எடை பார்த்தார்கள். அவன் எண்பத்தெட்டிலிருந்து 92.2-க்கு ஏறியிருக்கிறான். சதை பிடித்திருக்கிறது, நல்ல ஏற்றம் என்றார் டாக்டர். நான் 91.4. அவனைவிடக் குறைந்துவிட்டேன். இந்த வரியை எழுத ஒன்பது மாதம் காத்திருந்தேன், எழுதியாயிற்று. மாமியார் பார்த்துவிட்டு, பெரிய மாப்பிள்ளைக்கு முகமே மாறிவிட்டது என்றார். நன்றாகத்தான் இருந்தது கேட்க. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நாலு மணிக்கு நோட்டை நீட்டினான். அறுபது என்று எழுதியிருந்தான். டப்பாவைத் திறந்து பார்த்தேன். கோழியில் பாதி மூலையில் கிடந்தது, குலுக்கியின் அடியில் பவுடர் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. கூட்டிப் பார்த்தேன், ஐம்பத்திரண்டு. அறுபதை அடித்துவிட்டு ஐம்பத்திரண்டு என்று எழுதி அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"எட்டு கிராமுக்கா சகல?" என்றான்.

"எட்டு கிராமுக்குத்தான்" என்றேன்.

நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டான். நாலு படியையும் கைப்பிடி தொடாமல் இறங்கினான்.

ஏழு மணிக்குக் கொழுந்தியாள் போன் செய்தாள். ஜூனுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவர் கோபத்தில் ஒரு கப் தயிரும் ஒரு முட்டையும் கூடச் சாப்பிட்டுவிட்டார் மாமா, அறுபது தாண்டிவிட்டது, நாளைக்கு அதைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுத்தர வேண்டுமாம் என்றாள். நான் பார்க்கவில்லையே அம்மா, பார்த்ததற்குத்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டேன்.

பின்னால் அவன் என்னைத் திட்டுவது போனில் கேட்டது. குரல் நல்ல கணீரென்று இருந்தது.